முகூர்த்தத்தன்று ட்ரோன் மலைச்சரிவுக்குப் போனது ஏன்

திருப்பத்தூரில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, ஆலங்காயத்திலிருந்து ராஜாக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சம்பூர்ணமும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் கவியாவும் சுகமாயிருக்க முருகன் துணை. என் போனை எடுப்பதில்லை என்று தாங்கள் முடிவு செய்துவிட்டதால் தபாலில் வருகிறேன்.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது ஊர் வழக்கம். சீர்த்தட்டோடு வந்த எங்களை வாசலிலேயே நிறுத்தி, "மொதல்ல தாலி கட்டுன வீடியோவ காட்டுங்க. அப்பால உங்க பொண்ண கூட்டிக்கினு போங்க" என்றீர்கள். வீடியோ இல்லை. தப்பு என்மேல்தான். ஆனால் அது எப்பேர்ப்பட்ட தப்பு என்று தெரிந்தால் தாங்களே எனக்குச் சால்வை போர்த்துவீர்கள்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து நான் சும்மா இல்லை, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் போனில் வைத்து நம் ஜவ்வாது மலையைத் துழாவிக்கொண்டிருக்கிறேன், மலைமேல் குள்ளர் வீடு என்று காட்டுகிறார்களே, பலகைக்கல் நிறுத்தி மூடிய பழங்காலத்துச் சமாதி, அதுபோல அடிவாரத்திலும் செத்தவர்களைப் புதைத்து மேடு போட்டிருப்பார்கள் என்பது என் கணக்கு, நம்மாட்கள் கல்லை வரப்புக்கு எடுத்து, மண்ணை உழுது, எல்லாவற்றையும் தரையாக்கிவிட்டார்கள். நின்று பார்த்தால் தெரியாது. உச்சி வெயிலில் மேலிருந்து பார்த்தாலும் தெரியாது. சூரியன் கிளம்பிய கொஞ்ச நேரம், வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் சாண் உயர மேடுகூட நிழல் விடும். அதே நேரத்தில் முகூர்த்தம், கல்யாணம் நடந்த கோவிலுக்கு எதிரே சரிவு, முந்தின நாள் மழையில் கழுவிவிட்ட வானம், வீடியோக்காரர் ரஞ்சித்குமார் கையில் ட்ரோன். இதையெல்லாம் நானா ஏற்பாடு செய்தேன்? ஜோசியர் குறித்துக் கொடுத்தது.

ஒரே ஒரு சுற்று என்று ரஞ்சித்திடம் கெஞ்சினேன். கெட்டிமேளத்துக்குள் இறக்கிவிடலாம் என்று அவரும் இன்னொரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு என்னோடு வந்தார். ட்ரோன் சரிவைச் சுற்றித் திரும்பும்போது காற்று கிளம்பி அதைப் புளியமரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது, அவர் மரமேற, நான் கீழே துண்டை விரித்துப் பிடிக்க, மேளம் கொட்டியே விட்டது. ஸ்டாண்டில் இருந்த கேமரா ஐயர் முதுகை மிகத் தெளிவாக எடுத்திருக்கிறது. செல்போன் வைத்திருந்த சொந்தக்காரர்களோ அவரவர் முகத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஏழு மேடு கிடைத்தது, சம்பந்தி. ஏழும் வட்டம். கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ஆன்மேரி அம்மாவிடம் காட்டினேன். "இருக்க வாய்ப்பிருக்குங்க, நேர்ல பாத்துதான் சொல்லணும்" என்றார். படித்தவர்கள் அப்படித்தான் அடக்கமாகச் சொல்வார்கள், நாம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மேடுகளைப் போடச் சொன்னதும் நானே. சம்பந்தியம்மாள் ஆல்பத்தை விசிறியடித்ததாகக் கேள்விப்பட்டேன். மணமக்கள் அடுத்த பக்கத்தில் இருக்கிறார்கள், தயவுசெய்து புரட்டிப் பார்க்கச் சொல்லவும்.

கவியா இல்லாமல் வீடு வீடாக இல்லை. சம்பூர்ணம் சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் ஒரு தள்ளு தள்ளுகிறாள். பெரிய மனசு பண்ணிப் பெண்ணை அனுப்பிவையுங்கள். தங்கள் குலம் தழைக்கட்டும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி, சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ராஜாக்கண்ணு

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ரஞ்சித் அந்த மேடுகள் படத்தையே பெரிதாக அனுப்பினார். மூன்றாவது மேட்டின் மேல் ஒருவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குத்தவைத்து, பீடி பிடிக்கிறார். சம்பூர்ணம் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சம்பந்தி ஆச்சே" என்றாள். டாக்டர் சொன்னதிலிருந்து தாங்கள் பீடியைத் தொடுவதே இல்லை என்று சம்பந்தியம்மாள் ஊரெல்லாம் பெருமை பேசுகிறார். அந்தச் சரிவிலிருந்து கெட்டிமேளத்துக்குள் கோவிலுக்கு வந்து சேர முடியாது. ஆக, தாலி கட்டியதைத் தாங்களும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வீடியோ வீடியோ என்று தாங்கள் துடித்தது இப்போதுதான் எனக்குப் புரிகிறது, எனக்கும் அதே வயிற்றெரிச்சல்தான். ஆன்மேரி அம்மா படத்தை வெட்டாமல் முழுதாகக் கேட்கிறார், புத்தகத்தில் போடுவார்களாம். வெள்ளிக்கிழமை கவியாவைத் தாங்களே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வந்தால் படத்திலிருந்து மூன்றாவது மேட்டை என் கையாலேயே வெட்டியெறிந்துவிட்டு, மேடு ஆறுதான் என்று சாதிப்பேன். சரித்திரத்தில் ஒன்று குறைந்தால் குறையட்டும், எனக்கு இருப்பது ஒரே பொண்ணு.