மீதிப் பதினாறு பக்கங்கள்

வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் ஒரு வீர சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. மனைவி காதில் விழாதபடி குழாயை வேறு திறந்து விட்டிருந்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் விருந்துக்கு நான் தலையே காட்டப் போறதில்ல!"

ஏழு மணிக்கு விருந்தாளி வருகிறார் என்று மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள். யார் என்றால், "வந்தா தெரியும்" என்றாள். அப்படியென்றால் அவளுடைய அத்தை மகன்தான். அந்த மனுஷன் வயிற்றிலிருந்து கல் எடுத்த கதையைப் பத்துத் தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் வளர்ந்துகொண்டே போகிறது.

"இன்னைக்கு ஓவர்டைம்" என்றார் வெளியே வந்ததும். "எட்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட்டுக் கதவு மூட மாட்டேங்குதாம். வர பத்து மணி ஆகும்."

"ஐயோ பாவம். அப்ப விருந்து?"

"என்ன பண்றது? கடமைன்னு ஒண்ணு இருக்கே."

"சரிங்க. பாத்துப் போங்க" என்று டூல்ஸ் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் எதையும் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது கிடையாது. அப்போதாவது மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டாமா? எங்கே உறைத்தது! சந்தோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. கதவுக் கோளாறென்றால் பொழுது சாய்ந்துவிடும் என்று போனால், நாலாவது மாடிக் கதவுப் பள்ளத்தில் ஒரு துண்டுப் பென்சில். எடுத்து எறிந்தார், கதவு வழுக்கிக்கொண்டு மூடியது. எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் கட்டட மேனேஜர் முதல் தடவையாக "சார்" என்று கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். மதியம் மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்தது.

நேரே மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினார். பழைய நாற்காலியைத் தட்டிப் போட்டார். ஸ்பானருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கொலைக்கதைப் புத்தகத்தை எடுத்தார். திங்கட்கிழமை மனைவி பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தது. "தையல் விட்டுப்போச்சு, மெதுவாப் புரட்டுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். பைக்குள் படிக்கிற கண்ணாடியும் இருந்தது. வைத்த ஞாபகமே இல்லை. 'நமக்குத்தான் எவ்வளவு முன்யோசனை!' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டியதும் காதுக்குப் பின்னால் வலித்தது. மனசும் சேர்ந்து வலித்தது. அதைச் செய்து கொடுத்தவர் தெருமுனைக் கண்ணாடிக்கடைக்காரர். பதினைந்து வருஷச் சிநேகிதம். ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். கடைக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். எட்டு மாசத்துக்கு முன்னால், நம்மவர் நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது, "தோட்டக்காரன்தான் கொன்னான்னு இன்னுமா தெரியல?" என்று வாயை விட்டுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. இருவருக்கும் வறட்டு வீறாப்பு. இப்போதெல்லாம் நல்ல இடம் ஒன்று படித்தால், சொல்ல ஆளில்லாமல் லிஃப்ட் மெக்கானிக் தவித்துப்போவார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஐந்தே முக்காலுக்குக் கதை உச்சத்துக்கு வந்தது. துப்பறிவாளர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார். தொண்டையைச் செருமினார். பக்கத்தைப் புரட்டினால், அட்டை! நடுவே மளிகைச் சீட்டின் பின்புறத்தில் மனைவியின் கையெழுத்து.

'மீதிப் பதினாறு பக்கம் கண்ணாடிக்கடை அண்ணன்கிட்ட. ஏழு மணிக்கு நம்ம வீட்டுக்குத்தான் வர்றார். உங்களுக்கு ஓவர்டைம். பாவம்.'

லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எட்டு மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை முன்னால் கண்ணாடிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"ஓவர்டைம் முடிஞ்சிதா?" என்றாள் மனைவி.

"கதவு... மூடிருச்சு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உப்பு ஜாடியையே பார்த்தார்கள். கடைசியில் கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"யோவ், அந்தப் பல் டாக்டர் யாருய்யா? எதுக்கு அப்படி அழுவுறான்?"

"ஆரம்பத்துலேருந்து படிக்கணும்."

"ஆரம்பத்த எங்க குடுத்துச்சு தங்கச்சி? நாலு நாளாத் தூக்கமில்ல. யாரு பொண்டாட்டி யாருன்னே புரியல!"

லிஃப்ட் மெக்கானிக் கதை சொல்ல ஆரம்பித்தார். கரண்டி கத்தியானது, உப்பு ஜாடி பிணமானது. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வாயைப் பிளந்து கேட்டார். நடுவில் சட்டென்று, "அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"நானும் எட்டு மாசம் இழுத்திருக்கக் கூடாது. இந்தக் கண்ணாடி காதை அறுக்குது. வேற கடைக்குப் போக மனசு வரல."

"கழட்டு."

கழற்றிக் கொடுத்தார். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, கண்ணாடியைத் திருகி, வளைத்து, ஊதித் துடைத்து, தன் கையாலேயே மாட்டி விட்டார். வலி போயிற்று. ஆனால் எதிரே இருந்த முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அது கண்ணாடியின் குற்றமில்லை.

சாப்பிட்டு முடித்து அந்தப் பதினாறு பக்கத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். பதினாலாவது பக்கத்தின் கடைசி வரி: 'கூட்டத்தில் ஒரு உருவம் எழுந்து நின்றது. அது...'

"அடுத்த தாளக் குடுய்யா."

"உன்கிட்டதானே இருக்கு? மத்ததெல்லாம் அவர்கிட்டன்னு எனக்குக் குடுத்த சீட்டுல தங்கச்சி எழுதியிருந்துச்சே!"

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. மனைவி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஒற்றைத் தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் நினைச்ச ஆளே இல்லீங்க" என்றாள்.

"குடு இங்க!"

"அடுத்த வெள்ளிக்கிழமை. நீங்க ரெண்டு பேரும் சேந்து சமைச்சுட்டுக் கூப்பிடுங்க, தர்றேன்."

"ஒரு வாரமா! தங்கச்சி, இது அநியாயம்!"

"சரிண்ணே. அவ்வளவு அவசரம்னா இப்பவே வாயால சொல்லிடறேன். கொன்னது யாருன்னா..."

இருவரும் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்கள். ஓடியவர்கள் சும்மா இருக்க முடியுமா? பாத்திரம் அத்தனையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.