மழையில்லாமல் சொட்டிய கூரை

அன்புத் தங்கை நந்தினிக்கு,

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அண்ணன் நாகப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணி அம்மணியும் சுகம். காட்டூரில் நீயும் மாப்பிள்ளை லோகநாதனும் மாடு கன்றுகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நீ போனை எடுக்காததால் தபாலில் வருகிறேன். கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

மாப்பிள்ளை தன் கையால் ஓலையைப் பிரித்துத் தகரம் போட்டுக் கொடுத்த கூரையின் கீழ் மார்கழி பிறக்கும் வரை மகாராஜாவாகத்தான் தூங்கினேன். பிறகு ஒரு விடியலில் என் காதுக்குள் சொட்டென்று ஒரு துளி. வெளியே போய்ப் பார்த்தால் வானத்தில் பொட்டு மேகமில்லை. கட்டிலை நகர்த்தினேன், மூக்கில் விழுந்தது. திருப்பிப் போட்டேன், அம்மணியின் வாயில் விழுந்து அவள் என்னைத் திட்டினாள். குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் காப்பி குடித்தேன், வலை சரிசெய்ய வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த எரிச்சலில்தான், நண்டுக் குழம்புக்கு வந்த மாப்பிள்ளையை இலைமுன் உட்கார வைத்து, "இன்னா மாப்ளே, கூரை போட்டியா, சல்லடை போட்டியா?" என்று கேட்டுவிட்டேன். "ஓட்டை எங்க இருக்குது, காட்டு மச்சான்" என்றார். காட்ட முடியவில்லை. பகலில் அந்தப் பாழாய்ப்போன கூரை சொட்டுவதே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு போனவர்தான். நீயும் பேச்சை நிறுத்திவிட்டாய்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் உன் அண்ணி. "இந்தாய்யா, காத்து அடிச்சா சொட்டல. மூட்டம் போட்டாலும் சொட்டல. வானம் தெளிஞ்சு காத்து அடங்குனாதான் சொட்டுது. இது ஒழுகல் இல்ல, பனி."

"பனி வூட்டுக்குள்ள எப்டிடி வரும்?"

"சோத்துப்பானை மூடியில தண்ணி நிக்கல?"

யோசித்தேன். குப்பத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரியின் ஈரக்காற்று, நம் மூச்சு, உலைநீராவி எல்லாம் வீட்டுக்குள் நிறைந்திருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ் தகரம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சில்லிட்டுக் கிடக்கிறது. ஈரம் அதைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. மேகம் வந்தால் போர்வைபோலச் சூட்டைக் காக்கிறது. காற்று அடித்தால் தகரம் அவ்வளவு குளிர்வதில்லை.

புரிந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நைனா கரையேற்றிய படகின் பக்கமெல்லாம் விடியலில் பனி முத்து முத்தாய் நிற்கும். உனக்கு அப்போது 'ந' மட்டும்தான் எழுத வரும். விரலால் படகு முழுக்க 'ந', 'ந' என்று எழுதுவாய். பிறகு, "நைனா, படகுக்கு வேர்க்குது, தொடச்சி வுடு" என்பாய். கடலுக்குப் போய் வந்த அசதியிலும் அவர் துண்டை எடுத்து, காய்ச்சல்காரனைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைப்பார். எழுத்தெல்லாம் போச்சே என்று அதற்கும் அழுவாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரியைக் காட்டுவேன். இன்று விடியலில் நம் படகின்மேல் நானே ஒரு 'ந' எழுதினேன், நந்தினி.

மாப்பிள்ளையிடம் சொல், நான் திட்டியது பனியை, அவரை அல்ல. பொங்கலுக்கு இருவரும் வாருங்கள். உங்கள் களம் நிறையட்டும், மாடுகள் குறைவில்லாமல் பால் கொடுக்கட்டும், உன் கோபம் தபால்காரர் தெரு தாண்டுவதற்குள் ஆறட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் நாகப்பன்

பி.கு.: இதை மடிக்கும்போது காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. கூரை நிஜமாகவே ஒழுகுகிறது, மூன்று இடத்தில். வாளி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே. கேட்டால், குப்பத்தில் இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்று சொல்.