செல்லம் இல்லாத பாலர் பாடசாலை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் இந்தக் கரையில் என் கருவாடு ஏறாத லொறி இல்லை. சிங்களமும் யாரும் படிப்பித்துத் தந்ததல்ல. மீன் ஏலத்தில் நின்று நானே பிடித்தது. அந்தச் சிங்களம்தான் எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையை மூடப் பார்த்தது.

அது பிரதேச சபை நடத்தும் பாடசாலை. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளுக்குக் கழுத்துப்பட்டி கட்டி, நுரைச்சோலைப் பக்கம் காசு கட்டும் பாடசாலைக்கு வேனில் அனுப்பத் தொடங்கினார்கள். எங்களுக்கு மிஞ்சியது கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வந்து தரத்தைப் பார்த்துத்தான் முடிவு என்று சபை சொல்லிவிட்டது. மூடினால் அந்தப் பிள்ளைகள் தாய்மாரோடு மீன் வாடியில், காயும் கருவாட்டுக்கு நடுவில் இருக்க வேண்டியதுதான். (நான் வளர்ந்தது அப்படி. அதனால்தான் வலியப்போய்ப் பாடசாலைக் குழுவுக்குத் தலைவரானேன்.)

தரம் என்றால் ஒழுக்கம் என்று எனக்குப் பட்டது. பந்து, மரக்கட்டை, ரப்பர் யானை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி என் வாடியில் பூட்டினேன்.

"ஹாஜியார், இந்த வயசுல விளையாட்டுத்தான் படிப்பு," என்றார் பரீனா டீச்சர்.

"நான் விளையாடியா முதலாளி ஆன, டீச்சர்?"

வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. பிள்ளைகள் சாவு விழுந்த மையத்து வீட்டில்போல் கைகட்டி இருந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது "செல்லம்" ஒன்றுதான். டீச்சர் வாய் திறக்குமுன் முந்திக்கொண்டேன்.

"செல்லம் கொஹெத்ம நே, நோனா!"

செல்லம் கொடுப்பது அறவே இல்லை என்றுதான் பெருமையடித்தேன். அவர் முகம் இருண்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஹாஜியார், சிங்களத்துல செல்லம் எண்டா விளையாட்டு!" டீச்சர் பதறினார். "புள்ளையள் இங்க விளையாடுறதே இல்லண்டு சொல்லிட்டீங்க."

என் சிங்களத்தில் மீன் இருந்தது, ஐஸ் இருந்தது, லொறி இருந்தது. பிள்ளைகள் இல்லை.

சாரத்தை மடித்துக் கட்டி வாடிக்கு ஓடினேன். திரும்பி வரும்வரை டீச்சர் அவரைக் கதை கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். சாக்கைக் கொட்டியதும் பாடசாலை முழுக்கக் கருவாட்டு நாற்றம். நோனா மூக்கைப் பொத்தினார். பிள்ளைகள் பாய்ந்து விழுந்தார்கள். அவர்களுக்கு அது வீட்டு மணம். ஒரு சின்னவள் ரப்பர் யானையை அவர் கையில் திணித்து, "புடிங்க" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

பாடசாலை மூடவில்லை. முற்றத்தில் இப்போது ஊஞ்சலும் உண்டு. (நான் போட்டது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

வீட்டில் பேத்தியைத் தோளில் ஏற்றினால் போதும், குசினியிலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "வாப்பா, செல்லம் கொஹெத்ம நே!"

எந்தப் பாஷையில் எடுத்தாலும் அது இப்போது பொய்.