கைதட்டி தேர்ந்தெடுத்த ஜோடி

மதுரையில் பணத்தோடு வந்த வாடிக்கையாளரை அதிகமாக விரட்டிய வியாபாரி யார் என்று போட்டி வைத்தால், டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஸ்பீக்கர் கடை வைத்திருந்த கைதட்டியை எதிர்த்து நிற்க ஆளே கிடைக்காது. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் கேட்டு யார் போனாலும் உடனே விற்க மாட்டார். முதலில் வீட்டுக்கு வருவார். அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, சுவர்கள் என்ன பதில் சொல்கின்றன என்று கேட்பார். உங்களுக்கு ஸ்பீக்கர் உண்டா, திட்டு மட்டும்தானா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

எழுமலையிலிருந்து வந்த ஒருவர் ஆளுயரப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

"ரூமு எம்புட்டுப் பெருசு?"

"கட்டில் போட்டா நடக்க எடமிருக்காதுண்ணே."

"பெறகு பெட்டிய எங்க வைப்ப? கட்டில்ல படுக்க வச்சுட்டு நீ வெளிய நிப்பியா?"

நான் மட்டும் என்ன ஒழுங்கு? மிக்ஸி வாங்குவதுபோல வாட்ஸ் பார்த்து ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனவன். "வாட்ஸ் கூட உள்ளதா குடுங்கண்ணே" என்றேன்.

"ஏன், சட்னி அரைக்கவா போற?" என்றார்.

அப்போது நானும் தம்பியும் ஒரே வீடு; முன்னறை எங்களுடையது. கைதட்டி வந்தார், தட்டினார், முகத்தைச் சுளித்தார். கண்ணாடி ஷோகேஸை வெளியேற்றினார். சன்னலுக்குக் கனத்த திரை போடச் சொன்னார். பிறகு டிக்‌ஷனரி பருமனில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களையும், அடக்கமாக ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தார்.

"ரொம்பச் சின்னதா இருக்கேண்ணே?"

"சின்ன ரூமுல பெரிய பெட்டி வச்சா பாட்டு வராது மாப்ள, இடிதான் வரும். இந்தப் பெட்டி எம்புட்டுத் தாங்குமோ, இந்த ஆம்ப்ளிஃபயர் அம்புட்டுத்தான் தள்ளும். பேசாம இரு."

எதிரே பெஞ்சைப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்து ஓரிடத்தில் நிறுத்தினார். "அண்ணனும் தம்பியும் ஒட்டி உக்காருங்கடா. அப்பத்தான் பாடுறவரு நடுவுல வந்து நிப்பாரு."

உட்கார்ந்தோம். பாட்டுப் போட்டதும், இரண்டு பெட்டிக்கும் நடுவே வெறுங்காற்றில் பாடகர் வந்து நின்றார். தம்பி கையை நீட்டித் தொடப் பார்த்தான்.

அப்பா போனார், பாகம் பிரித்தார்கள். அண்டா, பீரோ எல்லாம் பிரித்துக் களைத்துப்போயிருந்த பெரிய மாமா, ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இது ரெட்டையாவே இருக்கு பாரு! ஆளுக்கு ஒண்ணு!" ஆம்ப்ளிஃபயர் தம்பிக்குப் போனது. ஈடாக எனக்கு மிக்ஸி. கடைசியில், வாட்ஸ் கூடுதலாக உள்ளது எனக்கே கிடைத்தது. முன்னறையில், சரியாகப் பாடகர் நின்ற இடத்தில், சுவர் எழும்பியது.

நான் அசராமல் கடைக்குப் போனேன். "ஒத்த ஸ்பீக்கருக்குத் தோதா ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும்ணே."

கைதட்டி வந்தார். பாதி அறையில் நின்று தட்டினார். வழக்கமில்லாமல் இரண்டாம் முறையும் தட்டினார்.

"ரூமக் கொன்னுட்டீங்களேடா" என்றார். "ஒந்தம்பி போன வாரமே வந்துட்டான். ஆம்ப்ளிஃபயர் இருக்கு, ஜோடிக்கு இன்னொரு ஸ்பீக்கர் வேணுமாம். அவனுக்கும் கெடையாது, ஒனக்கும் கெடையாது. யாராச்சும் ஒருத்தன் கையில இருக்கறத அடுத்தவனுக்குக் குடுத்துத் தொலைங்க. ஒரு வீட்டுலயாச்சும் பாட்டுக் கேக்கட்டும்."

"அவன் குடுக்கட்டும்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கமும் இதே பதில்தான் கிடைத்ததாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். புதிதாக யோசிக்கவா போகிறோம்? ஸ்பீக்கர் மேல் இப்போது என் செருப்புக்கான பாலீஷ் டப்பா இருக்கிறது.

அதன்பிறகு, எதிரில் என்னைக் கண்டால் கைதட்டி ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். அங்கே தம்பி வந்தால் இந்தப் பக்கம் வருவார். இரண்டு பேரும் வந்துவிட்டால், பாவம், நடுரோட்டில் ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்குவார்.

போன மாதம் இறந்துபோனார். சாவு வீட்டு வாசலில் குழாய் ஸ்பீக்கர் இரண்டைக் கட்டி, ஒப்பாரியை அலறவிட்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தைத் திட்டியவருக்கு நேர்ந்த கதி அது. தாங்காமல் மைக்செட்காரரிடம் போனேன். தம்பி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான்.

"கொஞ்சம் கொறைங்கண்ணே." இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது.

"செத்தவருக்கு மரியாத வேணாமா?" என்றவர், இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பேசவில்லை. அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு, ஈரத்தோடு என் பாதி அறையின் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டினேன். அந்த மனிதருக்கு வேறெப்படி மரியாதை செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சுவர்ப் பக்கமிருந்து ஒரு தட்டு கேட்டது.

எதிரொலி இல்லை. சின்ன அறையில் எதிரொலி அவ்வளவு தாமதமாக வராது. கைதட்டி சொல்லித்தந்தது.