திருகை இரண்டில் வைக்கச் சொன்னீர்கள்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

பிஸ்கட் ஆலையில் மாவுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் மைத்துனன் இருகரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, நீங்கள் இரவல் கொடுத்த காற்றுத் துப்பாக்கி, மூவரும் நலம். கிடங்கின் கூரை அவ்வளவு நலமில்லை. அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கூரை விஷயத்தைச் சொல்லாதீர்கள்.

போன வாரம் முதலாளி ஓட்டை விழுந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வருவேன். அன்னிக்கு இந்தக் கிடங்குல ஒண்ணு எலி இருக்கணும், இல்ல நீ இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருட வேலை, அத்தான். பொறி வைத்தேன். எலி தேங்காயைத் தின்றுவிட்டுப் பொறியை எனக்கே விட்டுவைத்தது. அதன்பிறகுதான் உங்கள் காலைப் பிடித்தேன். நீங்களும் துப்பாக்கியோடு ஒரு காகிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தீர்கள்: எலிக்கு ஒல்லிக் குழல், காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இரண்டு, வெட்டவெளியில் பெருச்சாளிக்குத் தடிக் குழல், திருகு நான்கு, தகரக் கூரை பக்கம் குழலைத் திருப்பவே திருப்பாதே. அதை மனப்பாடம் செய்துவிட்டுத் துப்பாக்கியின் மரப்பெட்டியிலேயே பத்திரமாகப் போட்டு, பெட்டியை மூலையில் வைத்தேன். குற்றம் காகிதத்தில் இல்லை, என் கையில். பதினாறு வருடம் மாவு நிறுத்த கை இது. தராசில் ஒரு பிடி கூடப் போட்டால்தான் எனக்கு மனசு ஆறும். திருகை இரண்டில் வைத்தேன், மனசு கேட்கவில்லை, கொசுறாக ஒரு எண் கூட்டினேன்.

முதல் குண்டு எலியின் மீசைக்கு மேலே போய், மூட்டையைத் துளைத்து, பலகைத் தடுப்பைத் துளைத்து, அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளையின் டீ பிளாஸ்க்கில் போய் நின்றது. "யோவ், ஒரு சாண் தள்ளி வந்திருந்தா டீ என் வயித்துலேருந்துல்ல ஒழுகியிருக்கும்!" என்று அவர் மேஜைக்கு அடியிலிருந்து கத்தினார். பயந்துபோய்த் திருகை ஒன்றுக்கு இறக்கினேன். கனமான குண்டு என்றால் தூரம் போகாது என்று நானாகவே மூளையைக் கசக்கித் தடிக் குழலையும் மாட்டினேன். அந்தக் குண்டு வெளியே வரவே யோசித்தது. வந்து, தரையில் உருண்டு, எலியின் காலடியில் நின்றது. எலி அதை முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் திருகை ஐந்துக்கு முறுக்கினேன். ஐந்துக்கு மேல் எண்ணே இல்லை, இருந்தாலும் கொசுறாக இன்னொரு முறுக்கு. எலி அந்நேரம் பார்த்து உத்தரத்தில் ஏறி ஓடியது. சுட்டேன். கூரையில் வானம் தெரிந்தது. அன்று மதியமே மழை கொட்டி மூன்று மூட்டை மைதா பிசைந்த மாவாகிவிட்டது. "அடுப்பு ஒண்ணுதான் பாக்கி" என்றார் கணக்கப்பிள்ளை. என் மனைவியோ சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். "எலியச் சுடுங்க, வேணாங்கல. ஆனா எலிக்குப் பக்கத்துல நின்னாதாங்க எனக்குப் பயமில்லாம இருக்கு" என்றாள்.

ஆனால் அத்தான், புதன்கிழமையிலிருந்து எலியைக் காணோம்! ஒரு புழுக்கை இல்லை, ஒரு கீறல் இல்லை. என் வீரத்துக்குப் பயந்து ஊரை விட்டே ஓடிவிட்டது. இன்று முதலாளி வந்தார். மூட்டை மூட்டையாகத் தட்டிப் பார்த்தார். கால் வலித்ததும் உங்கள் துப்பாக்கிப் பெட்டிமேலேயே உட்கார்ந்து, "பரவாயில்லப்பா, ஒரு சத்தம் இல்ல. நீயே இரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூரை ஓட்டையைக் காட்டிக் கேட்டார். வெளிச்சத்துக்கு என்றேன்.

ஆக, எலி ஒழிந்தது, வேலை நிலைத்தது. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, இந்தக் கடிதத்தோடு லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல், ஓட்டை இல்லாத கூரையின் கீழ் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மைத்துனன்

பி.கு.: லாரியில் கடிதம் மட்டும்தான் வருகிறது. துப்பாக்கியை வைக்கப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து மெத்தை போட்டு, அதன்மேல் அந்த எலி. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கண் திறக்காத ஆறு குட்டிகள். கிடங்கிலேயே நான் குறி பார்க்காத ஒரே இடம் அதுதான். முதலாளி உட்கார்ந்ததும் அதன் தலைக்கு மேல்தான். பெட்டியின் பின்மூலையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அது மட்டும் நான் போட்டதில்லை. ஒல்லிக் குழலை மாட்டி, திருகைக் கொசுறு இல்லாமல் சரியாக இரண்டில் வைத்தேன். இரண்டடி தூரம். அது ஓடவில்லை, அத்தான். குட்டிகள்மேல் கவிழ்ந்துகொண்டு என்னையே பார்த்தது. முதலாளி அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறார். பிள்ளை பெற்றவளுக்கு எவ்வளவு என்று உங்கள் காகிதத்திலும் இல்லை. ஒரு பிடி மாவு போட்டு மூடியைச் சாத்தினேன். மனசு கேட்கவில்லை. திறந்து, கொசுறாக இன்னொரு பிடி போட்டேன்.