மூக்கால் எடுத்த போன்

ஜெபசிங்கின் புது போன் தராசுக்குப் பக்கத்தில் கிடந்து அலறியது. திரையில் 'புனலூர் ஹாலிதா' என்று வந்தது. அவர் பச்சை வட்டத்தை இழுத்தார். அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். மல்லிகையின் ஈரம் சொட்டும் அந்த விரலை, போன் விரலாகவே மதிக்கவில்லை. மணி ஓய்ந்தது.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் காலை ஏலம் முடியும்வரை யாருக்கும் கை காயாது. பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாக்கு ஈரம், துண்டு ஈரம், வேட்டியும் ஈரம். கை காய்ந்து இவர் திரும்பக் கூப்பிடும் நேரத்தில் ஹாலிதாவின் பூக்கடையில் கூட்டம் நெரியும். அங்கே போனை எடுக்க ஆள் இருக்காது. ஓணத்துக்கு மொத்தமாகப் பூ அனுப்பும் ஆர்டரோ இந்த வாரம் போனில் பேசித்தான் முடிவாக வேண்டும்.

"பழைய பட்டன் போன் வீட்ல சும்மாதான் கெடக்கு," என்றாள் ஹெலன். கமிஷன் கடையில் சரிபாதி வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் மனைவி. "ஈரக் கையோ, சாணிக் கையோ, அமுக்குனா எடுக்கும்."

"ஏட்டி, இதுல இருநூறு மெகாபிக்சல் கேமரா. பன்னெண்டு ஜிபி ரேம். எத்தன மாடல ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து வாங்கியிருக்கேன். அரை மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"தண்ணிக்குள்ள கெடக்கும். தண்ணிக் கையால தொட்டா எடுக்காது. நல்லாருக்கு."

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"வாங்கும்போது ஒரு தடவ கைய நனச்சித் தொட்டுப் பாத்தீகளா?"

"போன் கடையில எவனாவது கைய நனைப்பானா?"

"அப்ப பூக்கடைக்காரன் எதுக்கு அத வாங்குதான்?"

ஜெபசிங் தோற்பதாக இல்லை. மறுநாள், பேச்சுக்குக் கட்டுப்படும்படி போனின் செட்டிங்கை மாற்றிக்கொண்டு வந்தார். 'எடு' என்றால் எடுக்கும், 'வை' என்றால் வைக்கும்.

ஹாலிதா கூப்பிட்டதும் "எடு" என்றார். எடுத்தது. ஹெலனை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணாச்சி, ஓணத்துக்கு..." என்று ஹாலிதா தொடங்க, பக்கத்துக் கடை துரைப்பாண்டி தன் ஆளைப் பார்த்து, "கூடைய இங்கன வைலே, வை" என்று கத்தினார்.

போன் வைத்துவிட்டது.

"வேணும்னே கத்துதீரு," என்றார் ஜெபசிங்.

"ஏலத்துல மெதுவாப் பேசுனா பூ வாடிரும்வே," என்றார் துரைப்பாண்டி.

உடம்பில் ஈரம் படாத இடம் எது என்று அன்று பகல் முழுக்க யோசித்தார் ஜெபசிங். அடுத்த நாள் போன் ஒலித்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கால் இழுத்தார். பனவடலிசத்திரத்திலிருந்து பூ கொண்டுவந்திருந்த பெண்கள், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

மூக்கு சிவப்பு வட்டத்தில் பட்டது. அழைப்பு துண்டானது. பதறி மறுபடி மூக்கை வைத்ததில் வாட்ஸ்அப் திறந்து, கேமரா திறந்து, அவருடைய மூக்குத் துவாரம் படமாகி ஹாலிதாவுக்கே போய்ச் சேர்ந்தது.

ஹெலன் எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, குகையா?"

"தெளிவப் பாரு. ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது. ஒன் பட்டன் போன்ல வருமா?"

"வந்தா நாம ஊர விட்டுப் போயிர வேண்டியதுதான்."

துரைப்பாண்டி சாவகாசமாக வந்து தராசில் சாய்ந்துகொண்டார். "புனலூர்க்காரி யார்ட்டயோ என் நம்பரக் கேட்டாளாம்வே. சும்மா காதுல போட்டு வைக்கேன்."

வீட்டுக்குப் போனதும் ஹெலன் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டாள். ஜெபசிங் தடுக்கவில்லை. ஆனால் முகத்தைத் தொங்கவிடவும் இல்லை.

"நான் தோத்துட்டேன்னு நெனைக்காத. அந்த போனுக்கு ஒரு நாள் லீவு, அம்புட்டுதான்."

காலையில் ஏலம் சூடாக இருந்தது. பட்டன் போன் ஒலித்தது. மல்லிகைக் குவியலிலிருந்து கையை உருவிய ஹெலன், தண்ணீர் வழியும் கட்டைவிரலால் ஒரே அமுக்கு அமுக்கினாள். பக்கத்துக் கடைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள்.

"பாத்தீகளா," என்றாள் கணவனிடம். "இது போனு."

ஸ்பீக்கரில் ஹாலிதாவின் குரல் கணீரென்று வந்தது.

"என்ன அண்ணாச்சி, மொத மணியிலயே எடுத்துட்டீக, சரக்கு வெலபோகாமக் கெடக்கோ? இத்தன நாளா நீங்க எடுக்காததப் பாத்து, அங்கன பூவுக்கு ஏகப்பட்ட கிராக்கின்னு நெனச்சி, நீங்க கேக்குத வெலயக் குடுத்திரலாம்னுல்லா இருந்தேன்."