பஞ்சாயத்துப் புழு

கடைத்தீனியை இனி இந்த வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கருப்பண்ணன் சூளுரைத்ததற்கு முதல் காரணம் கொள்கை. இரண்டாவது காரணம், மீன்கள் அதைத் தின்னவில்லை.

வாலிகண்டபுரத்து ஏரியில் அவரே வலைபோட்டுப் பிடித்து வந்த பனையேறிக் கெண்டைகள். கண்ணாடித் தொட்டியில் விட்டு, டவுனில் வாங்கிய உருண்டைத் தீனியைப் போட்டார். வாயில் வாங்கின. யோசித்தன. துப்பின.

“பாத்தியா ரெங்கம்மா? மானமுள்ள மீனு. பட்டினி கெடந்தாலும் கம்பெனிக்காரன் சோத்தைத் தொடாது.”

“நீங்களுந்தான் உண்ணாவிரதம் இருந்தீங்க. பந்தலுக்குப் பின்னால இட்லி கொண்டாந்தது யாரு?” என்றாள் மனைவி.

ஆயுள் முழுக்கப் போராட்டம். கூட வந்தவர்களெல்லாம் இப்போது காரில் போகிறார்கள். கருப்பண்ணனுக்கு மிஞ்சியது கொடிக்கம்பு. அவர் பேச்சைக் கலையாமல் கேட்கும் ஒரே கூட்டம் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அதுவும் நாளுக்கு நாள் இளைத்தது.

கொசுப்புழு என்றால் பாய்ந்து தின்னும். கொல்லையில் கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் ஊற்றி வைத்தார். புழு நெளியத் தொடங்கியது. ஆனால் ரெங்கம்மாளுக்குப் பஞ்சாயத்தில் வேலையே, வீடுவீடாகப் போய்க் கொசுப்புழு தேடி அழிப்பதுதான். சொந்தக் கொல்லையை விடுவாளா? ஒரே உதை. அத்தனையும் மண்ணில்.

“என் மீனு சாவுதுடி.”

“சாவட்டும். நம்ம வீட்டுலயே புழு இருந்தா என் வேலைல்ல போயிரும்.”

“அப்ப நான் தெருவுல அள்ளிக்கிறேன்.”

ரெங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தாங்க, நம்ம தெருப் புழுவுல கை வைக்காதீங்க. அது பஞ்சாயத்துப் புழு. நாந்தான் அள்ளணும். மீறினா நடக்கறதே வேற.”

தடையுத்தரவு. அப்படி ஒன்றைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. கருப்பண்ணனுக்கு இருபது வயது குறைந்துபோனது.

மறுநாள் அவள் கிளம்புமுன்பே மீறல் தொடங்கியது. டீ வடிகட்டியும் தூக்குவாளியுமாக வீடுவீடாக நுழைந்தார். பழைய டயர், ஆட்டுரல் குழி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. அதிகார வர்க்கத்துக்கு ஒற்றைப் புழுவைக்கூட மிச்சம் வைப்பதில்லை என்ற முடிவோடு அள்ளினார்.

“அண்ணே, மாடித் தொட்டியையும் பாத்துட்டுப் போயிருங்க,” என்று பக்கத்து வீட்டு ஜோதி கூப்பிட்டாள். ஏணி வைத்து ஏறினார்.

மீன்கள் கொழுத்தன. கருப்பண்ணன் நிமிர்ந்து நடந்தார். ரெங்கம்மாள் நாளுக்கு நாள் சீக்கிரமாக, கசங்காத சேலையோடு வீடு திரும்பினாள்.

“என்ன, இன்னைக்கும் புழு கெடைக்கலையா?” மீசைக்குள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எங்கங்க கெடைக்குது. எந்தப் புண்ணியவானோ தொடச்சு வச்சிருக்கான். தெரு சுத்தமா இருக்குன்னு ஆபீசுல மேலத்தெருவையும் எனக்கே குடுத்துட்டாங்க. கூலியும் சேத்து.”

இடுப்பிலிருந்த குடத்தை இறக்கித் தொட்டிக்குள் கவிழ்த்தாள். புதிதாக ஒரு கூட்டம் பனையேறிகள் துள்ளி விழுந்தன.

“மேலத்தெருப் புழுவுலயும் யாரும் கை வைக்கப்படாது, சொல்லிப்புட்டேன்.”